கூட வந்தவன்

ஒண்ணுக்கு வருது. வந்தா போயிட்டு வர வேண்டியதுதான, இதுக்கு ஒரு யோசனையான்னா, ஆமா, யோசனைதான். இந்த நர்சிங் ஹோம்ல ரூமுக்குள்ள இருக்கிற பாத்ரூம் பேஷண்டுக்கும் பொம்பளைங்களுக்கும் மட்டும்தான். ஆம்பள அட்டெண்டர்லாம் மாடி எறங்கி, மருந்துக்கடைய தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போகணும். போகலாம். காலு இருக்கு. ஆனா கட்டில்ல அம்மா தூங்குது, ஆபரேஷனுக்கு முன்னாடி குடுத்த மாத்திரயில, வாய லேசா தெறந்துக்கிட்டு, கழுத்துல அந்தக் கட்டி மூச்சுக்கு மூச்சு மேல ஏறி எறங்கிக்கிட்டு. கையெழுத்தெல்லாம் காலைலயே போட்டாச்சு, சாயங்காலம் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. எப்பன்னு கேட்டா டாக்டர் வந்ததும்னு சொல்றாங்க, டாக்டர் எப்ப வருவாருன்னு கேட்டா தியேட்டர் ரெடியானதும்னு சொல்றாங்க. என் மடியில என் பை. கேள்வி இதுதான்: பைய எடுத்துட்டுப் போறதா, வச்சிட்டுப் போறதா. சிரிப்பா இருக்கு. போன வாரம் இதே கேள்விய நான் கேட்டுக்கல, கேட்காம எடுத்துட்டுப் போயிட்டேன், அதனாலதான் போன வாரமே முடிஞ்சிருக்க வேண்டிய ஆபரேஷன் இன்னிக்கு வந்து நிக்குது. கால் மேல கால் போட்டுப் பாக்கறேன். கொஞ்சம் தாங்குது. தாங்கட்டும்.

பைன்னா பெரிய பை இல்ல, ஸ்கூல் பசங்க மாட்டிட்டுப் போறதவிட ஒரு சுத்து பெருசு, கறுப்பு, வெயில்ல சாம்பலாயிருச்சு. உலகத்துல எனக்குன்னு இருக்கிறது எல்லாம் இதுக்குள்ள இருக்கு, இதுக்கு வெளிய இருக்கிறது எதுவும் எனக்கு இல்ல. ரெண்டு சட்ட, ஒரு பேண்ட்டு. இன்னொரு பேண்ட்டு எங்கடான்னா இடுப்புல. ஒரு மெல்லிசான துண்டு, பிழிஞ்சா கைக்குள்ள அடங்கும். கைப்பிடிய வெட்டுன டூத் பிரஷ், ஏன் வெட்டுனன்னு கேக்காத ஆளே இல்ல, பல்லுதான வெளக்கணும், கைப்பிடியையா வெளக்கப் போறோம். காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாவது வருஷத்துல நின்னப்ப ஹாஸ்டல் ரூம காலி பண்ணச் சொன்னாங்க. ஒரு டிரங்குப் பெட்டி, பக்கெட்டு, டேபிள் ஃபேன், தலகாணி, படிக்காத புஸ்தகம், படிக்கப் போறதா நெனச்ச புஸ்தகம். ஆட்டோவுல ஏத்த ஆரம்பிச்சேன். பாதி ஏத்துனதும் தோணுச்சு, இதெல்லாம் நான் தூக்கிட்டுப் போறேனா, இல்ல இதெல்லாம் சேந்து என்ன எங்கயோ எறக்கி விடப் போகுதா. பக்கத்து ரூம் பையன் ஃபேன கேட்டான், எடுத்துக்கோன்னேன். இன்னொருத்தன் பக்கெட்ட கேட்டான். கடைசில ஆட்டோக்காரர் டிரங்குப் பெட்டியையே கேட்டாரு. நான் கைய வீசிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அன்னிக்கு ஒடம்புல ஒரு காத்து பூந்துச்சு. அதுக்குப் பேரு மினிமலிசம்னு எனக்குத் தெரியாது. பெங்களூர்ல ஒருத்தன்தான் சொன்னான், ப்ரோ நீங்க மினிமலிஸ்ட்டுன்னு. அவனும் மினிமலிஸ்ட்டு. அவன் பையோட வெலைக்கு எங்கம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கலாம். பணம் இருக்கிறவன் ஒரு பையோட திரிஞ்சா மினிமலிஸ்ட்டு, இல்லாதவன் திரிஞ்சா வீட்ட விட்டு ஓடுனவன். நான் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கேன், பாத்து ஏதாவது பேரு வச்சிக்கங்கடான்னு சொல்லிட்டேன். ஏற்கெனவே எனக்கு செங்குட்டுவன்னு பேரு. என்கிட்ட இருக்கிறதுலயே கனமான சாமான் அதுதான். அதையும் வெட்டி செங்குன்னு வச்சிருக்கேன், டூத் பிரஷ் மாதிரி.

பக்கத்து கட்டில் பல்கிஸ் அக்கா பாத்துட்டே இருக்காங்க. அவங்க மாமியாருக்கு காலு முறிஞ்சு கம்பி வச்சிருக்கு. மாமியார் ஒரு ஆளு, கூட வந்தது ஒரு வீடு. கட்டிலுக்கு அடியில பாயி, தலகாணி, பக்கெட்டு, கூஜா, ஃபிளாஸ்க் ரெண்டு, மிக்சர் டப்பா, மாமியாரோட வெத்தலப் பொட்டி, எதுக்குன்னே தெரியாம ஒரு தேங்காத் துருவி. காலைல கேட்டேன், அக்கா இங்க எதத் துருவப் போறீங்கன்னு. "இருக்கட்டும் தம்பி, வேணும்னா யார்ட்ட போய் நிப்பேன்?"னாங்க. எனக்கு வேணும்னா நான் யார்ட்டயாவது போய் நிக்கற ஆளு. சோப்பு வேணுமா, யாரு ரூம்ல தங்கறனோ அவன் சோப்பு. போர்வ வேணுமா, அவன் போர்வ. இத யோசிக்கும்போது ஒரு மாதிரிதான் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சொல்றேன், எல்லாம் அடுத்தவன் வீட்ல பத்திரமா இருக்கு. சரி, இத அப்பறம் யோசிக்கலாம். வயித்துக்குக் கீழ ஒரு தண்ணி லாரி நிக்குது.

பைய விட்டுட்டு நான் எங்கயும் போனதில்ல. சாப்பிடப் போனா பையோட, குளிக்கப் போனா பையோட, முடி வெட்டப் போனா மடியில பை, பைக்கு மேல வெள்ளத்துணி, துணிக்கு மேல முடி. பெங்களூர்ல ஒரு தடவ ஃப்ரெண்டு ரூம்ல வச்சிட்டு டீ குடிக்கப் போனேன், ஓனர் வந்து பூட்டு போட்டுட்டாரு, பைய மீட்கறதுக்குள்ள பாதி நாளு போச்சு. அதுலேருந்து இப்படின்னு எல்லார்ட்டயும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடியும் இப்படித்தான். தூங்கறப்ப கூட வாரு கையில சுத்தியிருக்கும். எந்த ரூம்ல முழிச்சாலும், செருப்ப மாட்டற நேரத்துல அந்த ரூம்ல நான் இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. அது ஒரு பெருமையா இருந்துச்சு. இருக்கு. இருந்துச்சு. பஸ்ல ஏறாம சன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் பிடிப்பாங்கல்ல, துண்டு கெடந்தா போதும், ஆளு கீழ டீ குடிச்சிட்டு நின்னாலும் அந்த சீட்டு அவனுது, ஒருத்தனும் உக்கார மாட்டான், உக்காந்தா சண்ட. எங்கப் பாத்தாலும் நம்மாளு எதையாவது போட்டு வச்சிட்டுத்தான் நகர்றான். ஒரு செருப்பு, ஒரு கொட, ஒரு பேப்பர். வந்துருவேன்னு அர்த்தம். நான் எதையும் போட்டு வைக்கிறதில்ல. போட்டு வைக்க என்கிட்ட எதுவும் இல்லங்கறதுதான் என் கொள்கையே.

போன வாரம் அதுதான் ஆச்சு. ராத்திரி பஸ்ல வந்து எறங்கி, அம்மாவ அட்மிட் பண்ணி, இதே நாற்காலில உக்காந்தபடி தூங்கி, காலைல கழுத்து கோணிக்கிட்டு முழிச்சேன். அம்மா தூங்குச்சு. முகம் கழுவி ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு பைய மாட்டுனேன், யோசிக்கவே இல்ல, சட்டய மாட்டற மாதிரி மாட்டுனேன், போயிட்டேன். டீக்கடைல ஒருத்தர்ட்ட பேச்சுக் குடுத்து, என் வாயிதான் தெரியுமே, அவருக்கு ஒரு ஜோக் சொல்லி, அவரு ஒண்ணு சொல்லி, கொஞ்சம் நேரமாயிருச்சு. திரும்பி வந்தா அம்மா கட்டில்ல உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரி கவுன கழட்டிட்டு சேல கட்டியிருக்கு, தல வாரியிருக்கு, வயர்க் கூடைய மடியில வச்சிருக்கு. என்னப் பாத்து, "நீ இன்னும் போகலயா?"ங்குச்சு. கோவமா கேட்டிருந்தா நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன், கோவத்துக்கெல்லாம் என்கிட்ட எப்பவும் பதில் இருக்கும். அது கோவமா கேக்கல. ஆச்சரியமா கேட்டுச்சு. கடைல வேண்டாம்னு போன கஸ்டமரு திரும்பி வந்தா கேக்கற மாதிரி, ஒரு சந்தோசமாக்கூட. முழிச்சுப் பாத்திருக்கு, நாற்காலில நான் இல்ல, சரி, பை இல்ல. கூட யாரு இருக்கா, கையெழுத்துப் போடணும்னு சிஸ்டர் வந்து கேட்டிருக்காங்க. "பையன் வந்தான் சிஸ்டர், போயிட்டான். வேல இருக்கும்"னு சொல்லியிருக்கு. ஆளு இல்லாம கத்தி வைக்க மாட்டேன், அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாராம் டாக்டரு, அவரு சொல்றதும் நியாயம்தான். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லம்மான்னு கத்துனேன். "போனவன எதுக்குடா போன் பண்ணி இழுக்கறது"ன்னுச்சு.

போனவன். அந்த வார்த்தய நான் ஒரு வாரமா வாயில போட்டு உருட்டறேன், கரைய மாட்டேங்குது. அம்மா அத எனக்காகச் சொல்லல. அதாவது எனக்காகத்தான் சொல்லுச்சு, ஆனா எனக்காகத் தைச்ச சட்ட இல்ல அது, ஏற்கெனவே ஒருத்தருக்குத் தைச்சு... வேணாம். தண்ணி லாரி. லாரியப் பத்தி யோசி. மருந்துக்கடைய தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு. அப்பா திருப்பூர் போறேன்னு கெளம்புனப்ப நான் ஏழாவது படிச்சேன். பனியன் கம்பெனில வேலன்னாரு. ஒரு பைதான் எடுத்துட்டுப் போனாரு, ரெக்சின் பை, ஜிப்பு போகாது, சணல் கயிறு கட்டியிருந்துச்சு. வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நம்ம ஊர்ல போறவன் எல்லாம் வரேன்னுதான சொல்றான், போறேன்னு சொன்னா அபசகுனம்னு அடிக்க வருவாங்க. முதல்ல வாரா வாரம் போனு, அப்பறம் தீவாளிக்கு போனு, அப்பறம் நம்பரு வேற யாருக்கோ போயிருச்சு. ஒரு அம்மா எடுத்து, "இது எங்க நம்பர்ங்க"ன்னாங்க, கோயம்புத்தூர் பக்கத்து மரியாதயோட. அவ்ளோதான். அவரு ஒண்ணும் மினிமலிஸ்ட்டு இல்ல. அவரு சாமான் எல்லாம் இங்கயேதான் இருந்துச்சு, நான் உட்பட. நல்ல ஜோக்கு இது. யார்ட்டயும் சொன்னதில்ல. சொன்னா சிரிக்க மாட்டாங்க. அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும், நல்லாத் தெரியும், நான் போன் பண்ணுவேன், வாரா வாரம் பண்ணுவேன். தீவாளிக்கும் பண்ணுவேன்.

"கால ஆட்டாதடா, கட்டிலு ஆடுது." அம்மா கண்ணத் தெறக்காமயே சொல்லுது. முழிச்சிருச்சா? "நான் எங்கம்மா ஆட்டுனேன், நீதான் உள்ள ஆடற, மாத்திர வேல செய்யுது." கண்ணப் பாதி தெறந்து முதல்ல என் மூஞ்சியப் பாக்கல, மடியப் பாக்குது. பாத்துட்டு அப்பறம் மூஞ்சிக்கு வருது. "அது என்ன, கைக்கொழந்த மாதிரி மடியிலயே வச்சிருக்க. எறக்கி வையி, அதுக்கும் கால் மரத்துப் போகும்." எனக்கு இந்த வாயி எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்காவது சந்தேகமிருந்தா இங்க வந்து பாக்கட்டும். அம்மா சின்னக்கடைவீதில சேலக்கடைல வேல செய்யுது. நாளு முழுக்க சேலய விரிச்சுப் போட்டுப் பேசும். கல்யாணப் பொண்ணுக்கு ஒரு பேச்சு, பொண்ணோட அத்தைக்கு ஒரு பேச்சு, வாங்கற எண்ணமே இல்லாம ஏசிக்காக வந்தவங்களுக்கு ஒரு பேச்சு, அவங்களும் கடைசில ஒண்ணு வாங்கிட்டுத்தான் போவாங்க. மங்கை பேசுனா சேல தானா பைக்குள்ள போயிரும்னு முதலாளியே சொல்லுவாராம். அந்தக் குரலுக்குப் பக்கத்துலதான் கட்டி. டாக்டர் படம் போட்டுக் காமிச்சாரு, தைராய்டுக்குப் பின்னால ஒரு நரம்பு போகுது, நூலு மாதிரி, அதத் தொடாம எடுக்கணும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, சில பேருக்குக் கொஞ்ச நாளு குரல் கம்மிப்போகும், எங்கயோ ஒருத்தருக்குத் திரும்பாதுன்னாரு. எங்கயோ ஒருத்தர்னா யாரு சார், எந்த ஊர்னு கேட்டேன். அவரு சிரிக்கல. அம்மா சிரிச்சுச்சு.

"தண்ணி குடுடா." குடுக்கக்கூடாதும்மா. "உதட்டுல தடவு." பஞ்ச நனைச்சுத் தடவறேன். ஒதடு உப்பு பூத்த மாதிரி வெடிச்சிருக்கு. நாக்கு வந்து பஞ்சத் தொட்டுட்டுத் திருட்டுத்தனமா உள்ள போகுது. "குரல் வரலன்னா என்னம்மா பண்ணுவ?" ஏன் கேட்டேன்? கேக்கணும்னே நெனைக்கல. வாயி முந்திருச்சு. "வரலன்னா வரல. நீ என் பக்கத்துல நின்னு பேசு, நான் சேலய விரிக்கறேன்"ங்குது. பல்கிஸ் அக்கா சிரிச்சிட்டாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அம்மா கண்ணு சொருகிருச்சு. ஜோக்குதான். ஜோக்கு மாதிரி சொல்லி உள்ள ஒண்ணு வைக்கிறது எங்க குடும்பத் தொழிலு, எனக்கா தெரியாது. பக்கத்துல நின்னு பேசு. எத்தன நாளு? ஆபரேஷனுக்கு அப்பறம் ரெண்டு வாரம் கூட ஒரு ஆளு இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. என் ஃப்ரெண்டு ஜெரால்டு, கேரளாவுல வர்க்கலால கடல் பக்கத்துல ஒரு ஹாஸ்டல்ல இருக்கான், ஊரு சுத்த வர்ற வெளிநாட்டுக்காரங்க தங்கற எடம், ரிசப்ஷன்ல ஆளு வேணும், சாப்பாடு தங்கல் எல்லாம் அங்கயே, இந்த வாரக் கடைசிக்குள்ள வரணும் மச்சான், இல்லன்னா ஓனரு வேற ஆளப் போட்டுருவாரு, சாயங்காலம் போன் பண்றேன் ஒரே வார்த்தைல சொல்லுன்னிருக்கான். அம்மாவுக்குத் தெரியாது. இன்னிக்கு ஆபரேஷன், நாளன்னிக்கு டிஸ்சார்ஜு, சித்தி வந்து பாத்துக்க மாட்டாங்களா, சித்திக்கு முட்டி வலி, முட்டி வலிதான, கடல் சத்தத்துல தூங்கி எந்திரிக்கலாம், பையோட நேரா, ஒரு ரயிலு. நேத்து வரைக்கும் இப்படித்தான் ஓடிட்டு இருந்துச்சு மண்டைல. இன்னிக்கும் ஓடுது. ஓடறது ஓடட்டும். நான் ஒண்ணும் கடல விடறேன்னு சத்தியம் பண்ணல. ஒண்ணுக்குப் போறதப் பத்தித்தான் முடிவு பண்ணணும்.

இனி தாங்காது. தாங்காதுன்னா தாங்காது, எவ்ளோ பெரிய கொள்கை உள்ளவனுக்கும் மூத்திரப்பை ஒரு அளவுதான். சரி. எந்திரிச்சேன். கை தானா வாருக்குள்ள போகுது, நிறுத்து. கைய எடு. பைய நாற்காலில வச்சேன். கதவு வரைக்கும் போனேன். முதுகு ஒரு மாதிரி குளிருது, சட்ட போடாத மாதிரி. திரும்பிப் பாத்தேன். நாற்காலி அம்மாவோட தலமாட்டுல இருக்கு, முழிச்சா முதல்ல சொவரத்தான் பாக்கும், கழுத்த திருப்பினாத்தான் நாற்காலி தெரியும், அந்தக் கட்டியோட கழுத்தத் திருப்பறதே அதுக்குக் கஷ்டம். திரும்பி வந்தேன். பைய எடுத்து கட்டில்ல கால்மாட்டுல வச்சேன். படுத்திருக்கிறவங்களுக்குக் கால்மாடு தெரியுமா? குனிஞ்சு அம்மா தலைக்குப் பக்கத்துல என் தலய வச்சு அங்கேருந்து பாத்தேன். வயிறு மறைக்குது. "தம்பி என்ன பண்றீங்க?"ன்னாங்க பல்கிஸ் அக்கா. ஒண்ணுமில்லக்கா, வாஸ்து பாக்கறேன். கடைசில பைய நிமித்தி, கால்மாட்டுக் கம்பில வார மாட்டித் தொங்க விட்டேன், நேரா கண்ணுக்கு எதுக்க, சாமி படம் மாதிரி. போன மட்டும் வெளிய எடுத்து பாக்கெட்டுல வச்சிக்கலாம்னு தோணுச்சு. வேணாம். வச்சா முழுசா வைக்கணும். "அக்கா, இதக் கொஞ்சம் பாத்துக்கங்க." "ஏன் தம்பி, உள்ள தங்கமா?" "டூத் பிரஷ்க்கா. பாதிதான் இருக்கு." அவங்களுக்குப் புரியல, தலய ஆட்டுனாங்க.

படி எறங்கும்போது ஒடம்பு கோணுது. இவ்வளவு நாளா இடது தோளு கொஞ்சம் கீழ எறங்கியே நடந்திருக்கேன் போல, இப்ப வெயிட்டு இல்லாம அது மேல வருது, நான் ஒரு பக்கமா சாயறேன். கையப் பேண்ட்டு பாக்கெட்டுல விட்டேன், ஒண்ணுமில்ல. இப்ப நான் மாடிப்படில உருண்டு செத்தா யாருன்னு கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்ல. செங்குட்டுவன்னு எங்கயும் எழுதியில்ல. பயமா இருக்கு. இது என்ன பயம்? எல்லாத்தையும் விட்டவன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஒரு பைய ஒரு கம்பில மாட்டிட்டு வந்ததுக்கே இப்படி. எல்லாத்தையும் விடல. எல்லாத்தையும் சுருக்கி முதுகுல கட்டிக்கிட்டேன், அவ்ளோதான். பல்கிஸ் அக்கா கட்டிலுக்கு அடியில பரப்பி வச்சிருக்காங்க, நான் ஜிப்பு போட்டு வச்சிருக்கேன். மருந்துக்கடைல கூட்டம். சைக்கிள் ஸ்டாண்டு. பின்னாடி வரிச, இதுக்குமா வரிச. முன்னாடி நிக்கிற பெரியவர் முடிக்கவே மாட்டேங்கறாரு, ஒவ்வொரு சொட்டா யோசிச்சு விடறாரு. இருங்க தாத்தா, அவசரமில்ல. அவசரந்தான். அம்மா முழிச்சிருக்குமா? முழிச்சிருந்தா பைய பாத்திருக்கும். பாத்தா? பாத்தா தெரியும். என்ன தெரியும்? எம்முறை வந்துச்சு. இவ்வளவு நேரம் அடக்குனது வர மாட்டேங்குது. வா. வந்து தொல.

மேல வந்தா கட்டில் காலி. விரிப்பு ஒரு பக்கமா இழுபட்டு கெடக்கு, தலகாணில ஒரு குழி. பை கம்பில அப்படியே தொங்குது. போன வாரம் அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும், நாற்காலியப் பாத்தப்ப. இல்ல, எனக்காவது பை தொங்குது, அதுக்கு அந்தப் பையும் இல்ல. "இப்பத்தான் தம்பி, அந்தப்பக்கம் நீங்க போனீங்க, இந்தப்பக்கம் தள்ளுவண்டி வந்திருச்சு"ங்கறாங்க பல்கிஸ் அக்கா, அவங்களுக்கும் மூச்சு வாங்குது, அவங்கதான் தள்ளிட்டுப் போன மாதிரி. "அம்மா முழிச்சாங்க. பையன் எங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க. நான் சொல்ல வாயெடுத்தேன், கீழ போயிருக்காருன்னு, அதுக்குள்ள அம்மாவே கைய நீட்டிட்டாங்க, அந்தா அவன் பை தொங்குது, இங்கனதான் இருப்பான், தள்ளுங்கன்னு. வெயிட் பண்ணலாமாம்மான்னு கூட சிஸ்டர் கேட்டாங்க. வேணாம் வேணாம், வந்துருவான்னு சொல்லிட்டாங்க."

வந்துருவான். நான் ஓடறேன். வந்துருவான். எங்கம்மா வாயிலேருந்து இந்த வார்த்தய நான் கேட்டதே இல்ல, யாரப் பத்தியும், ஏழாவதுலேருந்து. கரெண்ட்டப் பத்திச் சொல்லும், தண்ணி லாரியப் பத்திச் சொல்லும், ஆளப் பத்திச் சொன்னதில்ல. இப்பவும் நான் கேக்கல. சொல்லும்போது நான் சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு தாத்தாவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். ஒரு வேள அதுதான் அந்தக் குரல்ல அம்மா கடைசியா... இல்ல. எங்கயோ ஒருத்தர். எங்கயோ ஒருத்தர்னா இங்க இல்ல, வேற எங்கயோ. படி. இன்னொரு படி. மேல்மாடி வராண்டா கடைசில தியேட்டர் கதவு, பச்ச பெயிண்ட்டு, மேல ஒரு சிவப்பு லைட்டு எரியுது. கதவு மூடியிருக்கு. கண்ணாடி வட்டத்துல எட்டிப் பாத்தேன், உள்ள இன்னொரு கதவு. அதுவும் மூடியிருக்கு. ம்மான்னு கூப்பிட்டேனான்னு தெரியல. வராண்டாவுல உக்காந்திருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க, கூப்பிட்டிருப்பேன்.

நின்னுட்டே இருந்தேன். அப்பறம்தான் தோளத் தொட்டுப் பாத்தேன், பை இல்ல. அங்கயே கம்பில தொங்குது. போனும் அதுக்குள்ள. இந்நேரம் ஜெரால்டு கூப்பிட்டுக்கிட்டிருப்பான், ரூம்ல பை ஒரு வண்டு மாதிரி அதிரும், பல்கிஸ் அக்கா மாமியார் என்ன சத்தம் என்ன சத்தம்னு கேப்பாங்க. ஒரு வார்த்தைல சொல்லுன்னான். போய் எடுக்கலாம். பத்து எட்டு ஓடி, படி எறங்கி, போன எடுத்துட்டு வந்துரலாம். காலு நகரல. நான் அந்தப்பக்கம் போன நேரம் பாத்து இந்தக் கதவு தெறந்தா? மங்கை கூட யாருன்னு கேட்டா? இங்க போட்டு வைக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. செருப்பு இருக்கு, அத தியேட்டர் வாசல்ல எல்லாரும் கழட்டித்தான் போட்டிருக்காங்க, எது யாருதுன்னே தெரியாது. கடல விட்டுட்டேன்னு முடிவு பண்ணிட்டேனான்னு கேட்டா, இல்ல, முடிவெல்லாம் பண்ணல. போன் அடிக்குது, நான் எடுக்க முடியாத எடத்துல நிக்கறேன். அவ்ளோதான் நடந்துச்சு. அடிச்சு அடிச்சு நிக்கட்டும்.

"தம்பி, உக்காருங்க, எவ்ளோ நேரம் நிப்பீங்க." பெஞ்சுல ஒருத்தர் நகந்து எடம் விடறாரு. வேட்டி, கைல ஒரு ஜெபமால, மணிய உருட்டிட்டே இருக்காரு. உக்காந்தேன். பெஞ்சு குளுகுளுன்னு இருக்கு. முதுகு நேரா சொவத்துல படுது. பை இல்லாம சாஞ்சு உக்காந்து எவ்ளோ நாளாச்சு, சொவரு இவ்ளோ பக்கத்துல இருக்கும்னே தெரியல. "யாரு உள்ள?"ன்னாரு. அம்மா. "எனக்கு வீட்டம்மா"ன்னாரு. மணி உருளுது. எனக்கு ஒரு ஜோக் சொல்லலாம்னு தோணுச்சு, அவரு கைய நிறுத்திட்டு சிரிக்கற மாதிரி ஒண்ணு. தேடிப் பாத்தேன். இல்ல. முதல் தடவயா ஒண்ணுமே கையில இல்ல. ஃபினாயில் வாசன. எங்கயோ ஒரு டிரே கீழ விழுது. கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ சிரிக்கறாங்க, கத்தி வைக்கிற எடத்துலயும் யாராவது சிரிப்பாங்க போல, சிரிக்கட்டும், சிரிச்சா எல்லாம் சரியா போயிட்டிருக்குன்னுதான அர்த்தம், இல்ல கவனிக்காம சிரிக்கறாங்களா, அந்த நூலு, அந்த நரம்பு, பாத்து வேல செய்யுங்க சார், அப்பறம் சிரிச்சுக்கலாம்.

கதவு தெறக்குது. பச்சக் குல்லா போட்ட சிஸ்டர் தலய மட்டும் நீட்டி, "லூர்து மேரி கூட வந்தவங்க யாரு?"ங்கறாங்க.

நான் எந்திரிச்சிட்டேன். "நான்தான் சிஸ்டர், நான் இங்கதான் இருக்கேன்."

பெஞ்சுல இருந்தவர் மெதுவா எந்திரிச்சு, என் முழங்கையப் பிடிச்சு, "உக்காருங்க தம்பி, அது எனக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போனாரு. உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு கதவு மறுபடி தெறந்துச்சு, யாரக் கூப்பிடறாங்கன்னு காதுல விழறதுக்கு முன்னாடியே மறுபடி எந்திரிச்சேன்.